ஏகமனதாகத் தேய்மானம் போட்டோம்! சொல் மாறிச் சிரிப்பு வருவதைக் கேட்க, எழுத, திருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

தீர்மானம் என்று சொல்ல வந்தவர் தேய்மானம் என்கிறார். நிவாரணம் கேட்டு வந்தவர் நிர்வாணம் கேட்கிறார். சிறப்புரை ஆற்ற வந்தவரைச் சிரிப்புரை ஆற்ற அழைக்கிறார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம் என்று எந்த ஊரில் மைக் கட்டினாலும் இப்படி ஒன்றாவது காதில் விழும். எல்லோரும் சிரிக்கிறோம், வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஏன் அவ்வளவு சிரிப்பு, அதே மேடையில் விழுந்த இன்னொரு பிழையை ஏன் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்று யாரும் நின்று யோசிப்பதில்லை.

ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் எழுதுகிறவர்கள், பள்ளி ஆண்டு விழாவுக்கு வசனம் எழுதித் தரும் ஆசிரியர்கள், கதை எழுதிப் பார்க்கிறவர்கள், ஃப்ளெக்ஸ் கடையில் எழுத்துச் சரிபார்க்கும் தம்பி தங்கைகள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தப்பான சொல் தன்னோடு ஒரு முழுப் படத்தைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் சிரிப்பு வரும். தேய்மானம் என்றதும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஏகமனதாகத் தேய்ந்துகொண்டிருப்பது கண்ணில் தெரிகிறது பாருங்கள், அதுதான். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைக் கையில் பிடிப்பதற்காகத்தான்.

முதல் படி: எது பிழை, எது ஊர்ப்பேச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் எழுத உட்கார்ந்தால் ஓர் ஊரையே கேலி செய்துவிடுவீர்கள். கீழக்கரையில் ஒரு வீட்டு வாசலில் நின்று “காக்கா வர்றாங்க” என்று ஒரு பிள்ளை சொன்னால் ஆகாயத்தைப் பார்க்கக் கூடாது, அண்ணன் வருகிறார் என்று அர்த்தம். ராத்தா என்றால் அக்கா. இதெல்லாம் அந்த மக்களின் உறவுச் சொற்கள், பிழையே இல்லை. பாம்பன் பக்கம் “சம்மாட்டியைப் பாத்துட்டு வாரேன்” என்று ஒருவர் சொன்னால் படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறார். வெளியூர்க்காரர் காதில் அது சம்மட்டி என்று விழுந்து, பாறை உடைக்கப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்தால் அது கேட்டவரின் குழப்பம்.

அதே மாதிரி நம் பக்கம் ழகரம் பேச்சில் பெரும்பாலும் ளகரமாகத்தான் வரும். வாளப்பளம், மள, கோளிக்கொளம்பு. மதுரையிலும் அப்படித்தான், சென்னைப் பக்கம் அதுவே வாயப்பயம் ஆகிறது. ஒரு வட்டாரமே சேர்ந்து உச்சரிக்கிற ஒலியைச் சிரிப்புக்குப் பயன்படுத்தினால் ஒரு முறை வேண்டுமானால் கைதட்டு கிடைக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவுக்கு மட்டும் அது சுருக்கென்று தைக்கும்.

சிலேடை வேறு. தனுஷ்கோடியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே “கடலை வாங்கித் தரவா?” என்று கேட்பவருக்கு இரண்டு அர்த்தமும் தெரியும், தெரிந்துதான் கேட்கிறார். காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டில் பொருள் வைத்தது அந்த வகையின் உச்சம். இரண்டு சொற்களின் முதல் ஒலிகள் ஒன்றுக்கொன்று இடம் மாறி விழுவது இன்னொரு வகை, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஸ்பூனர் என்ற கல்லூரித் தலைவரின் பெயரால் அதை ஸ்பூனரிசம் என்கிறார்கள். நாம் பேசப் போவது இந்த இரண்டும் இல்லை. ஒரு முழுச் சொல்லுக்குப் பதிலாக அதைப் போலவே ஒலிக்கும் இன்னொரு முழுச் சொல் வந்து உட்கார்ந்துகொள்வதும், உட்கார்ந்தது சொன்னவருக்கே தெரியாமல் இருப்பதும்தான் நம் பொருள்.

இரண்டாம் படி: வாய்க்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை செய்து பாருங்கள்

இலக்கணத்தில் மயங்கொலிகள் என்று எட்டு எழுத்துகளைச் சொல்வார்கள்: ண, ன, ந, ல, ழ, ள, ர, ற. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தால் புத்தகம் தேவைப்படாது. ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல் வரிசைக்குப் பின்னால் போய்த் தொடும். ள சொல்ல நாக்கு பின்னால் மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழ சொல்லவும் அதே போல மடியும், ஆனால் தொடாது, தொடப்போய் நின்றுவிடும். தொட்டுவிட்டால் ள. இவ்வளவுதான் வித்தியாசம், அதனால்தான் அவசரத்தில் ழ நழுவுகிறது. ந பல்லில் படும், ன பல்லுக்குச் சற்று மேலே, ண நாக்கை மடித்து. ர, ற இரண்டும் பேச்சில் பெரும்பாலானோருக்கு ஒன்றாகவே ஆகிவிட்டன, வெற்றி, கன்று மாதிரி இடங்களில்தான் ற தன் குரலைக் காட்டுகிறது.

எழுதும்போது காப்பாற்றும் சில வழிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். ட-வுக்கு முன்னால் வருவது மூணு சுழி ண்தான்: நண்டு, தூண்டில். பெரிய ற-வுக்கு முன்னால் ரெண்டு சுழி ன்: கன்று, மூன்று. த-வுக்கு முன்னால் ந்: பந்து, வந்தான். இதனால்தான் பழைய வாத்தியார்கள் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்றே பெயர் சொல்லிக் கொடுத்தார்கள், பெயரிலேயே விதி இருக்கிறது. அப்புறம் ர், ழ் இரண்டும் இரட்டிப்பதில்லை. பள்ளமா பழ்ழமா என்ற சந்தேகமே வரக் கூடாது.

மூன்றாம் படி: சொற்களை உங்கள் ஊரிலிருந்தே பொறுக்குங்கள்

எல்லோரும் சொல்லும் புளி, புலி உதாரணத்தை எடுத்துக்கொண்டு வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கும். உங்கள் ஊரின் ஏலக்கூடம், மீன் கடை, பேருந்துப் பலகை, கல்யாணப் பத்திரிகை, இங்கேதான் சரக்கு கிடக்கிறது. ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், இடது பக்கம் சரியான சொல், வலது பக்கம் மாறி வரும் சொல், கீழே அந்தத் தப்பான சொல் காட்டுகிற படம் என்ன என்று ஒரு வரி. அந்த மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் அந்த ஜோடியை அடித்துவிடலாம்.

மீனிலிருந்து தொடங்குவோம். விளைமீன் நம் பக்கத்தில் நல்ல மீன், கல்லிடுக்கில் கிடப்பது. அதையே சிலேட்டில் விலைமீன் என்று எழுதி வைத்தால் மற்ற மீனெல்லாம் இலவசமா என்று கேட்கத் தோன்றும். வாளை மீனை வாழை மீன் என்று எழுதினால் தோலுரித்துச் சாப்பிடலாமா என்ற கேள்வி வரும். கணவாயில் சுழி ஒன்று குறைந்தால் கனவாய், ‘கனவாய் வறுவல்’ என்று சாப்பாட்டுக் கடைப் பலகையில் பார்த்தால் அது ஒரு கவிதைத் தலைப்பு மாதிரி இருக்கும், உள்ளே போய் என்ன கேட்பது என்று தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது சுறாப்புட்டு. பெரிய ற போய்ச் சின்ன ர வந்தால் சுராப்புட்டு. சுரா என்றால் பழைய நூல்களில் மது. பிள்ளை பெற்ற வீட்டில் ஊட்டமாக ஆக்கிப் போடுகிற பதார்த்தம் ஒரே எழுத்தில் எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். வாலிநோக்கத்தை வாளிநோக்கம் என்று எழுதினால் ஊரே ஒரு பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக ஆகிறது. உச்சிப்புளி உச்சிப்புலி ஆனால் ராமேசுவரம் போகும் ரயிலில் சன்னலைச் சாத்த வேண்டியதுதான். கீழக்கரையைக் கீழக்கறை என்று எழுதுவதில் சிரிப்பைவிடச் சங்கடம்தான் அதிகம், செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று பெயர் வாங்கிய வள்ளலின் ஊர் அது, அதன் பெயரில் கறை ஒட்டினால் ஊர்க்காரர்களுக்கு வலிக்கத்தான் செய்யும். தனுஷ்கோடிக்கு அப்பால் இருக்கும் அரிச்சல்முனையை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எரிச்சல்முனை என்று கேட்டு வழி விசாரிப்பது உண்டு. சித்திரை வெயிலில் அங்கே நின்றவர்களுக்கு அந்தப் பெயரும் பொருத்தமாகத்தான் படும், அதனாலேயே அது நல்ல ஜோடி: தப்பான சொல்லும் அந்த இடத்துக்கு ஒரு விதத்தில் பொருந்துகிறது.

புத்தகச் சொற்களில் ஒன்று சொல்கிறேன். தொல்காப்பியத்தில் சொல்லதிகாரம் கிளவியாக்கம் என்ற இயலோடு தொடங்குகிறது. கிளவி என்றால் சொல். நம் ஊரில் கிழவியையும் கிளவி என்றுதான் சொல்கிறோம். ஒரு மாணவன் பேச்சுப் பழக்கத்தைத் திருத்துகிறேன் என்று கவனமாக ழகரம் போட்டு கிழவியாக்கம் என்று எழுதினால், தொல்காப்பியர் சொல்லின் இலக்கணத்தை விட்டுவிட்டு யாரையோ மூதாட்டியாக்கும் வேலையில் இறங்கிவிடுகிறார். இப்படித் திருத்தப் போய்ப் பிழையாவதையும் நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், இது படித்தவர்களிடம் வருவது. பரவை என்ற கடலைப் பறவை ஆக்குவதும் இவர்கள்தான்.

நான்காம் படி: கண்ணுக்கா, காதுக்கா?

நாடகம் எழுதுகிறவர்கள் அதிகமாக வழுக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ‘வருக வருக’ என்பதை ஃப்ளெக்ஸில் ‘வறுக வறுக’ என்று அடித்துவிட்டால் அமைச்சரை எண்ணெய்ச் சட்டியில் போடப் போகிறார்களோ என்று வாசிக்கிறவர் சிரிப்பார். பொறியியல் கல்லூரி பொரியியல் கல்லூரி ஆனால் கொத்தவரங்காயும் வாழைக்காயும் கண்முன் வரும். இந்த இரண்டையும் மேடையில் நடிகர் வாயால் சொல்லச் சொல்லுங்கள், ஒருவர்கூடச் சிரிக்க மாட்டார், ஏனென்றால் ர-வும் ற-வும் காதில் ஒன்றுதான். இவை கண்ணுக்கான சிரிப்பு. கதையில், பலகையில், நாடகத்தில் பின்னால் தொங்கும் பேனரில் வைக்கலாம். வசனத்தில் வைத்தால் வீண்.

காதுக்கான சிரிப்புக்கு ஒலி நன்றாக மாற வேண்டும், ஆனால் எந்தச் சொல்லைச் சொல்ல வந்தார் என்று கேட்டவருக்கு அந்த நொடியே புரிந்துவிட வேண்டும். ல, ள மாற்றம் காதில் விழும்: ஒலிப்பதிவை ஒளிப்பதிவு என்றால் வேலையே மாறிவிடும். ழ, ள மாற்றம் நம் பக்கத்தில் எல்லோர் வாயிலும் இருப்பதால் பெரும்பாலும் காதில் விழாது, ஆனால் ஒரே ஓர் இடத்தில் அருமையாக விழும். ஊர்வலத்தில் எதிரியின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழிய “ஒளிக! ஒளிக!” என்று கத்துகிறார்கள் பாருங்கள், போய் ஒளிந்துகொள் என்று எதிரிக்கு யோசனை சொல்லிக்கொண்டே போகிறார்கள்.

ஃபோனில் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைக்கும் பழக்கம் வந்த பிறகு கண்ணுக்கான பிழை பெருகிவிட்டது. ஆங்கிலத்தில் ல, ள, ழ எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்தைத் தட்டுகிறோம், ஃபோன் தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துப் போடுகிறது. “அண்ணே, உங்கள் வலிகாட்டுதலுக்கு நன்றி” என்று வாட்ஸப்பில் வந்து விழும். எழுதியவர் மனதார நன்றி சொல்லியிருக்கிறார், பதிலுக்கு நாம் மருந்து அனுப்ப வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: ஒரே வாலுள்ள பெரிய சொற்களைக் குடும்பமாகச் சேர்த்து வையுங்கள்

மேடைக்கு உண்மையான புதையல் இங்கேதான். மனிதர்கள் பெரிய சொற்களின் தலையையும் வாலையும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், நடுப்பகுதிதான் தொலைகிறது. 1977இல் டேவிட் ஃபே, ஆன் கட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தில் பேசும்போது தானாகவே இப்படி மாறி விழுந்த சொற்களைச் சேர்த்து ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வர வேண்டிய சொல்லும் வந்து விழுந்த சொல்லும் ஏறக்குறைய எப்போதும் ஒரே இலக்கண வகை, பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல், வினைக்கு வினை. அசைகளின் எண்ணிக்கையும் அழுத்தம் விழும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. நம் மூளை பொருள் பார்த்து மட்டும் சொற்களை அடுக்கவில்லை, ஒலி பார்த்தும் அடுக்கியிருக்கிறது என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் இதைச் செய்து பாருங்கள். மானம் என்று முடியும் சொற்கள்: தீர்மானம், தேய்மானம், வருமானம், சன்மானம், அவமானம், அடமானம், பெறுமானம். “புலவருக்குப் பொன்னாடை போர்த்தி, அவமானமும் கொடுத்து அனுப்பினோம்” என்ற ஒரு வரி போதும், கொட்டகை அதிரும். வாதம் என்று முடிபவை: உத்தரவாதம், பிடிவாதம், பக்கவாதம், முடக்குவாதம். “புது எஞ்சினுக்கு ரெண்டு வருஷம் பக்கவாதம் குடுத்திருக்காங்க” என்று ஒரு சம்மாட்டி பெருமையாகச் சொன்னால், அந்த எஞ்சின் நடுக்கடலில் கை கால் வராமல் கிடப்பது தெரிகிறது. ஆட்சேபணை தெரியாமல் ஆராதனை ஆகும்: “நீங்க தலைவரா வர்றதுல எங்க தெருவுக்கு ஒரு ஆராதனையும் இல்ல.” இலக்கணம் எங்கேயும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். வேற்றுமை உருபு, வினை எல்லாம் தப்பான சொல்லோடும் கச்சிதமாக ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டாத சொல்லை வலிந்து திணித்தால் எழுத்தாளரின் கை வெளியே தெரிந்துவிடும்.

ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களும் இந்தக் கணக்கில் வரும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிற பெரியவர் “காலையில இன்சூரன்ஸ் போட்டாத்தான் தம்பி எனக்குச் சாப்பாடே” என்கிறார். இதை நாடகத்தில் வைக்கலாம். மருத்துவமனையில் யாராவது நிஜமாகவே இப்படிச் சொன்னால் சிரிக்காமல் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்துவிடுங்கள், மருந்தின் பெயர் மாறுவது வேறு விஷயம்.

ஆறாம் படி: சொல்லைவிட ஆள் முக்கியம்

1775இல் லண்டனில் அரங்கேறிய ஒரு நாடகத்தில் ஷெரிடன் என்ற நாடக ஆசிரியர் திருமதி மாலப்ராப் என்று ஒரு பாத்திரத்தைப் படைத்தார். பொருத்தமில்லாமல் என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து எடுத்த பெயர். இந்த வகைப் பிழைக்கே ஆங்கிலத்தில் அவர் பெயரால் மாலப்ராபிசம் என்று பெயர் வந்துவிட்டது. பிடிவாதக்காரியான ஒரு பெண்ணை நைல் நதிக்கரை முதலை மாதிரி என்று திட்ட வருகிறார். முதலைக்கு ஆங்கிலத்தில் அலிகேட்டர், அவர் வாயில் வருவது அலிகொரி, உருவகக் கதை. நதிக்கரையில் ஓர் உருவகக் கதை வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறது. ஆனால் அந்த அம்மாள் இருநூற்றைம்பது வருடமாகச் சிரிக்க வைப்பதற்கு இந்த ஒரு சொல் காரணமில்லை. தன் சொல்வளத்தைப் பற்றித்தான் அவருக்கு அவ்வளவு பெருமை. எதில் பெருமையோ அதில்தான் கால் இடறுகிறது.

அதற்கும் ஏறக்குறைய 175 வருடம் முன்னால் ஷேக்ஸ்பியர் டாக்பெர்ரி என்று ஒரு காவலரை எழுதினார். ஆட்களைப் பிடித்தோம் என்பதற்கு ஆட்களைப் புரிந்துகொண்டோம் என்று பொருள்படும் சொல்லைச் சொல்கிறவர். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஏமாந்து நிற்கிறபோது, இந்தச் சொல் மாறிப் பேசுகிறவரின் ஆட்கள்தான் குற்றவாளிகளைப் பிடித்து உண்மையை வெளியே கொண்டுவருகிறார்கள். இதை நம் நாடகக்காரர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சொல் மாறிப் பேசுகிறவரை முட்டாளாக்க வேண்டிய அவசியமே இல்லை. காற்று வாடையா கச்சானா என்று முகத்தில் பட்டதும் சொல்கிறவர், வலையைப் பார்த்தே மீன்பாடு எப்படி இருக்கும் என்று கணிக்கிறவர், அதிகாரிக்கு மனு எழுத உட்காரும்போது மட்டும் தனக்குப் பழக்கமில்லாத சொல்லை எட்டிப் பிடிக்கிறார். ஏன் எட்டுகிறார்? தன் ஊருக்காக மரியாதையான மொழியில் பேச வேண்டும் என்று நினைக்கிறார். அந்தக் காரணம் பார்க்கிறவருக்குத் தெரிந்தால் சிரிப்போடு பிரியமும் வரும்.

ஏழாம் படி: காட்சியாக எழுதுங்கள்

ஒரு மாதிரி தருகிறேன். இடம் மண்டபம் பக்கம் ஒரு மீனவர் சங்கக் கொட்டகை, வத்தை என்றால் அங்கே படகு. சம்மாட்டி நடந்துகொண்டே சொல்கிறார், மருமகன் முறை வரும் கல்லூரிப் பையன் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறான்.

“எழுது மாப்ள. உயர்திரு அதிகாரி அவர்களுக்கு. போன புயல்ல எங்க வத்தை நாலும் உடைஞ்சு போச்சு. அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் நிர்வாணம் வந்துருச்சு. எங்களுக்கு மட்டும் இன்னும் வரல.”

“…இன்னும் வரல. எழுதிட்டேன் மாமா.”

“போன தடவ அம்பது குடும்பத்துக்கும் நான்தான் நேர்ல போய் நின்னு நிர்வாணம் வாங்கிக் குடுத்தேன். அதையும் போடு.”

“போட்டுட்டேன் மாமா.”

“இந்தத் தடவ பாதி பாதியாக் குடுக்க வேணாம். முழுசாக் குடுக்கச் சொல்லு.”

பையன் பேனாவை உதறுகிறான்.

“என்ன மாப்ள, மை தீந்துருச்சா?”

“இல்ல மாமா. நிவாரணத்துக்கு ரெண்டு சுழியா மூணு சுழியான்னு பாத்தேன்.”

“மூணு சுழிதான். பெருசாப் போடு, அதிகாரி கண்ணுல படணும்.”

என்ன நடந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. புதிதாக இன்னொரு பிழையைக் கொண்டுவராமல் அதே சொல்லை மூன்று வரிக்கு நடக்கவிட்டேன், ஒவ்வொரு வரியிலும் படம் கொஞ்சம் பெரிதாகிறது: முதலில் ஊர்கள், அப்புறம் அம்பது குடும்பம், அப்புறம் முழுசு. முழுசு என்ற வரியில் அந்தச் சொல்லே வரவில்லை, பார்க்கிறவர் தானாகப் போட்டுக்கொள்கிறார். அவர்கள் போட்டுக்கொண்ட இடத்தில் வரும் சிரிப்புதான் அதிகம். பையன் சிரிக்கவில்லை, சிரித்தால் கூட்டத்தின் சிரிப்பை அவன் எடுத்துக்கொண்டுவிடுவான். “அது நிர்வாணம் இல்ல மாமா, நிவாரணம்” என்று அவன் விளக்கியிருந்தால் காட்சி அங்கேயே படுத்திருக்கும். சம்மாட்டிக்குச் சுழிக் கணக்கு சரியாகத் தெரிகிறது என்பதையும் பாருங்கள், அவரைச் சின்னவராக்காமல் காட்சி முடிகிறது.

ஒரு காட்சிக்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. வரிக்கு ஒன்று வைத்தால் மூன்றாவது நிமிடத்தில் கூட்டம் அடுத்த பிழையை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடும், எதிர்பார்த்துவிட்டால் முடிந்தது. இன்னொன்று, தப்பான சொல் கூட்டத்துக்குத் தெரிந்த சொல்லாக இருக்க வேண்டும். கிளவி, கிழவி வேடிக்கை தமிழாசிரியர்கள் நடுவில் எடுபடும், படகுத்துறையில் எடுபடாது. அங்கே சம்மாட்டி, சம்மட்டி போதும்.

எட்டாம் படி: திருத்த வேண்டிய இடத்தில் எப்படித் திருத்துவது

பெரியவர்களை நேரடியாகத் திருத்த வேண்டாம். மேலே பையன் செய்தானே, அதுதான் வழி: அவர் கேட்ட விஷயத்துக்குப் பதில் சொல்லும்போது சரியான சொல்லை நம் வாயால் சாதாரணமாகச் சொல்லிவிடுவது. “நிவாரணம் அடுத்த வாரம் வந்துரும் மாமா” என்றால் அவருக்கே போய்ச் சேரும். நாலு பேர் முன்னால் பிடித்து நிறுத்தினால் அந்த மனிதர் அடுத்த கூட்டத்தில் மைக்கைத் தொடவே மாட்டார், ஊருக்காகப் பேச ஓர் ஆள் குறைந்துபோவார். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் எழுந்து நின்று பேசும் தைரியம் உள்ளவர்கள் ஓர் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

பிள்ளைகளுக்கு வேறு வழி. விதியைச் சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வருகிற மாதிரி அவர்களையே எழுதச் சொல்லுங்கள். “விளைமீன் விலை கேட்டு வழியில் நின்றவளுக்குக் கால் வலி.” “கரையில் காய்ந்த சட்டையில் கறை.” “பரவைமேல் பறவை.” எழுதி முடித்ததும் படம் வரையச் சொல்லலாம், சரியான சொல்லுக்கு ஒன்று, தப்பான சொல்லுக்கு ஒன்று. வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஊரைத் தன் கையால் வரைந்த பிள்ளை வாலிநோக்கத்துக்கு இனிமேல் ளகரம் போடாது. ழகரத்துக்கு ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்த பழைய வாக்கியமே போதும், மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டச் சொல்லுங்கள், நாக்கு அண்ணத்தைத் தொடாமல் நிற்கப் பழகிவிடும். வீட்டில் அம்மாவிடம் வாளப்பளம் என்று பேசுவதை மட்டும் தடுக்காதீர்கள், மேடைக்கும் எழுத்துக்கும் ஒன்று, அடுப்படிக்கு ஒன்று என்று பிள்ளைகள் எளிதாகவே பிரித்துக்கொள்வார்கள்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மணமக்கள் மனமக்கள் ஆவதையும், திருமணம் திருமனம் ஆவதையும் அழைப்பிதழ் வாங்கியவர்கள் மன்னித்துவிடுவார்கள். இறப்புச் செய்தியில் பிழை வந்தால் மன்னிப்பு கிடையாது, கேட்கவும் முடியாது. இறந்தார் என்பதை இரந்தார் என்று அடித்தால் பிச்சை எடுத்தார் என்று பொருள். இரங்கல் கூட்டம் இறங்கல் கூட்டம் ஆனால் அந்தப் பலகை நிற்கும் வரை அந்த வீட்டுக்காரர்கள் அதைக் கடந்துதான் கடைக்குப் போக வேண்டும். துக்கத்தில் இருப்பவர்கள் அவசரத்தில் ஃபோனில் தட்டி அனுப்பியதை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். இறந்தாருக்குப் பெரிய ற, இரங்கலுக்குச் சின்ன ர, கண்ணீருக்கு மூணு சுழி ண், அஞ்சலிக்கு ல என்று இந்த நான்கையும் ஒரு அட்டையில் எழுதிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த வீட்டிலிருந்து வந்தவரைத் தொந்தரவு செய்யாமல், கடையில் இருக்கும் இன்னொருவரைக் கூப்பிட்டு எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள், முழுச் சொல்லாக வாசித்தால் கண் தானாகத் திருத்திக்கொண்டு போய்விடும்.